செவியைக் கட்டிய குழைவு: யாழ் முதல் ஆர்மோனியம் வரை

இசைக்கு உருகாத நெஞ்சம் இல்லை என்பர். ஆயின், இசையில் உள்ள எது நெஞ்சை உருக்குகின்றது என்று வினவினால் விடை கூறுதல் எளிதன்று. ஒருவர் குரலின் இனிமை என்பார்; மற்றொருவர் தாளக்கட்டு என்பார்; பாட்டின் பொருளே என்பாரும் உளர். ஒவ்வொருவரும் தத்தம் செவி அறிந்ததையே கூறுகின்றனர். எனினும், ஓர் இனத்து மக்கள் பல நூற்றாண்டுகளாக எதைக் கேட்டு மயங்கினர் என்பதை வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய இடமுண்டு. அவ்வினம் எந்த இசைக்கருவிகளைப் போற்றி வளர்த்தது, எவற்றைக் கைவிட்டது, வெளியிலிருந்து வந்தவற்றுள் எவற்றைத் தனதாக்கிக் கொண்டது என்று நோக்கினால், அதன் செவி விரும்பியது எது என்பது ஓரளவு புலனாகும். தமிழிசையை இவ்வழியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கச் சான்றோர் கண்ட மயக்கம்

இசை உயிர்களை வயப்படுத்தும் என்பதைச் சங்கப் புலவர்கள் பல இடங்களிற் பாடியுள்ளனர். அகநானூற்றின் 102-ஆம் பாட்டில், மலைச்சாரலில் கொடிச்சி ஒருத்தி கூந்தலைக் கோதியவாறு குறிஞ்சிப் பண்ணைப் பாடுகின்றாள். தினைக்கதிரைக் கவர வந்த களிறு கதிரையும் கொள்ளாமல், நின்ற இடத்தைவிட்டுப் பெயராமலும் அங்கேயே உறங்கிவிடுகின்றது. பொருநராற்றுப்படையோ, வழிப்பறி செய்யும் கள்வரும் பாலைப்பண்ணைக் கேட்டுப் படைக்கலத்தைக் கைவிடுவர் என்று கூறுகின்றது. அசுணம் என்னும் உயிரை யாழிசைத்து வரவழைத்துக் கொல்வோரின் கையை நற்றிணை உவமையாக எடுத்தாள்கின்றது. முதலில் இன்பம் தந்த கையே பின்னர்த் துன்பமும் தருகின்றது.

இவை யாவும் இசையின் பயனைக் கூறுவன. காரணத்தைக் கூறுவன அல்ல. காரணத்துக்கு ஒரு சிறு குறிப்பு இலக்கணத்தில் கிடைக்கின்றது. எழுத்துக்களுக்கு மாத்திரை அளவு வகுத்த தொல்காப்பியர், நூன்மரபின் இறுதி நூற்பாவில், இசையோடு பொருந்தும்போது உயிரெழுத்தும் ஒற்றெழுத்தும் தம் அளவைக் கடந்து நீளும் என்றும், அவ்விலக்கணம் நரம்பின் மறையாகிய இசைநூலுக்கு உரியது என்றும் கூறினார். பேச்சுக்கு வகுத்த அளவு இசையில் செல்லாது என்பதை ஈராயிரம் ஆண்டுகளை ஒட்டிய அந்நூல் தெளிவாக உணர்ந்திருக்கின்றது.

அளவைக் கடந்து நீளும் அவ்வொலி நேர்க்கோடுபோல் நீள்வதில்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்குப் படிதாண்டுவதுபோல் தாவாமல், வழுக்கியும் அசைந்தும் நெளிந்தும் செல்கின்றது. இவ்வியல்பை இன்றைய இசைவாணர் கமகம் என்பர். நாம் குழைவு என்போம். தமிழ்ச் செவியைப் பெரிதும் கட்டியது இக்குழைவே என்பதும், இசைக்கருவிகளின் வாழ்வையும் தாழ்வையும் பெரும்பகுதி அதுவே முடிவு செய்தது என்பதும் ஈண்டு நிறுவ முயல்வனவாகும். தாளத்தின் ஆற்றலை மறுப்பது நோக்கமன்று. பறையும் உறுமியும் கேட்டோர் கால்களைத் தாமே ஆடவைப்பதை நம் ஊர்த் திருவிழாக்களிற் காணாதார் இலர். அது தனியே ஆராய்தற்குரியது.

குரலும் நரம்பும்

தமிழர் ஏழிசைக்கு இட்ட பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன. அவற்றுள் முதலில் நிற்பது குரல். மாந்தர் மிடற்றொலிக்கும் அதுவே பெயர். குழலையும் யாழையும் இனியவை என்று கொள்வோரைப் பார்த்து, மக்களின் மழலைச்சொல் அவற்றினும் இனிது என்று வள்ளுவர் கூறியதை மாணவர் அனைவரும் அறிவர். அது மக்கட்பேற்றின் சிறப்பைக் கூற வந்ததே எனினும், கருவியொலியை மாந்தர் குரலோடு வைத்து அளக்கும் வழக்கம் நம்மிடையே மிகப் பழையது என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகும்.

பண்டைத் தமிழரின் தலைசிறந்த நரம்புக்கருவி யாழ். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் நால்வகை யாழைக் குறிப்பிடுகின்றார். பேரியாழுக்கு 21 நரம்புகள், மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. யாழும் வீணையும் ஒன்றே என்று ஒருகாலத்தில் பலர் கருதினர். மட்டக்களப்பைச் சேர்ந்த காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து, யாழ் வில்லின் வழிவந்த தனிக்கருவி என்பதை நிலைநாட்டினார். அவர்தம் யாழ்நூல் 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகள் மறைந்தார்.

யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்பது பொது அமைப்பு. வீணையைப்போல் நரம்பின்கீழ் மெட்டுகள் இல்லை. விரலால் நரம்பை அழுத்தி அதன் நீளத்தைக் குறைத்து வேறு சுரம் எழுப்பும் வழியும் இல்லை. ஆகவே யாழின் ஒலி தெளிந்தது, தூயது, ஆயின் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்வது அதற்கு அரிது. பாணர் இக்குறையை அறியாதவர் அல்லர். சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் மாதவி யாழைத் தொட்டு ஆராயும் இடத்தில் வார்தல், வடித்தல், உந்தல், உருட்டல் முதலாக எண்வகை இசைக்கரணங்களை இளங்கோவடிகள் எண்ணிக் காட்டுகின்றார். நரம்பை வருடியும் உந்தியும் உருட்டியும் இத்துணை நுட்பங்களைக் கையாண்டனர் என்றால், வெறும் தனிச் சுரங்கள் அக்காலத்துச் செவிக்கும் போதவில்லை என்றே கொள்ளவேண்டும்.

தருமபுரத்தில் நிகழ்ந்தது

குரலுக்கும் யாழுக்கும் உள்ள வேற்றுமையை நேரே காட்டும் வரலாறு ஒன்று பெரியபுராணத்தில் உள்ளது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் தலந்தோறும் சென்று பதிகம் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் உடன்சென்று அவற்றை யாழிலிட்டு இசைத்துவந்தார். திருத்தருமபுரம் பாணரின் தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த சுற்றத்தார், பாணர் யாழில் வாசிப்பதனாலேதான் பதிகங்களின் புகழ் எங்கும் பரவுகின்றது என்று பேசிக்கொண்டனர். அது கேட்டுப் பாணர் நடுங்கினார். பதிகத்தின் இசை யாழில் அடங்காது என்பதை உலகோர் உணரும்படி ஒரு பதிகம் அருளவேண்டும் என்று சம்பந்தரை அவரே வேண்டினார். சம்பந்தர் பாடினார். பாணர் தம் யாழில் அதனை இசைக்க முயன்றார்; இயலவில்லை. உடனே யாழை உடைத்துவிட ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கி, இறைவன் புகழ் கருவியில் முற்றும் அடங்குவதன்று எனத் தேற்றி, அடங்கிய அளவுக்கு வாசித்து வருக என்று அதனைத் திரும்பக் கொடுத்தார். அப்பதிகம் இன்றும் யாழ்முரி என்றே வழங்குகின்றது.

அடியாருக்கு இது அருட்செயல். இசை வரலாறு கற்பவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. யாழில் கைதேர்ந்த பெருங்கலைஞர் ஒருவர், குரலால் எழும் ஒன்று தம் நரம்புகளில் எழாது என்று உலகறிய ஒப்புக்கொள்கின்றார். சேக்கிழார் இதனைப் பாடிய பன்னிரண்டாம் நூற்றாண்டில் இச்செய்தி கேட்போருக்கு வியப்பாக இருந்திருக்காது. குரல் வளையும் இடத்தில் நரம்பு வளையாது என்பது அன்றே தெரிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

யாழ் மறைந்ததற்கு இஃதொன்றே காரணம் எனல் பொருந்தாது. பாணரைப் பேணிய புரவலர் மறைந்தனர். பாணர் குடியும் சமுதாயத்தில் தாழ்வுற்றது. ஆயினும், மக்கள் செவி யாழை விடாப்பிடியாகக் கேட்டிருந்தால் அது வேறு கைகளிலேனும் உயிர்வாழ்ந்திருக்கும். செவி குரலின் பக்கமே நின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் தன் 29-ஆம் ஆட்சியாண்டில் செய்த ஏற்பாட்டைக் கல்வெட்டு கூறுகின்றது. திருப்பதியம் பாடுவோர் 48 பேர். உடுக்கை வாசிப்பவர் ஒருவர். கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர். ஆக 50 பேர். இக்குழுவில் குரலும் தாளமுமே உள்ளன; யாழுக்கு இடமில்லை.

ஏடுகளில் சொல்லாக மட்டும் கிடைத்த தேவாரத்துக்குப் பண் வகுத்த வரலாறும் நினைக்கத்தக்கது. நம்பியாண்டார் நம்பியும் மன்னனும் திருஎருக்கத்தம்புலியூருக்குச் சென்று, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண்ணடைவு செய்வித்தனர் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. யாழ்க்குடியின் செல்வமாகிய பண்கள், ஒரு பெண்ணின் மிடற்றின் வழியாக நமக்குக் கிடைத்தன.

குழைவைத் தேடிய கருவிகள்

யாழ் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பிய கருவிகளைப் பாருங்கள். அவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டிலிருந்து வந்தவை. வெவ்வேறு பொருளால் ஆனவை. எனினும் ஒரு பண்பில் அவை ஒத்திருக்கின்றன. அவை யாவும் குரலைப்போல் குழைய வல்லவை.

முதலாவது வீணை. இன்று நாம் காணும் வீணையின் வடிவம், 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் அமைந்ததாகக் கொள்வர். பலாமரத்தாற் செய்த குடம். மெழுகின்மேல் அசையாது பதித்த 24 மெட்டுகள். வாசிப்பதற்கு நான்கு தந்திகள். தாளத்துக்கும் சுருதிக்கும் மூன்று பக்கத் தந்திகள். மெட்டு நிலையானதாயிற்றே, சுரமும் யாழைப்போல் நிலைத்துவிடாதோ என்று ஐயுறலாம். அங்கேதான் நுட்பம் உள்ளது. மெட்டின்மேல் தந்தியை அழுத்திப் பக்கவாட்டில் இழுத்தால் அதன் இறுக்கம் மிகுகின்றது. இறுக்கம் மிகுந்தால் சுரம் உயர்கின்றது. ஒரே மெட்டில் விரலை எடுக்காமலே மேலும் இரண்டு மூன்று சுரங்களைத் தொட்டு மீளலாம். வீணை வாசிப்போரின் இடக்கை விரல் நுனிகளில் தழும்பேறி இருப்பது இவ்விழுப்பினால்தான்.

இரண்டாவது நாகசுரம். ஏழு விரற்றுளைகள் உடைய நெடிய கருவி. சீவாளியில் உதடும் மூச்சும் காட்டும் நுட்பமும், துளையை முழுதும் மூடாது பாதி மூடும் விரல் நுட்பமும் சேர்ந்து சுரங்களை நீர்போல் ஓடவிடுகின்றன. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை இதற்குத் தலைசிறந்த சான்று. 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்த அப்பெருங்கலைஞர், திமிரி என்னும் குறுகிய நாகசுரத்துக்கு மாற்றாகச் சுருதி தாழ்ந்த நெடிய பாரி நாகசுரத்தைப் பெருவழக்காக்கினார். அக்கருவியைச் செய்யும் நரசிங்கம்பேட்டைக்குப் புவிசார் குறியீடு 2022-இல் வழங்கப்பட்டது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது. மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். அசைவை நீக்கி, தோடியின் ஏழு சுரங்களைப் பியானோவின் கட்டைகளில் வரிசையாக அழுத்திப் பார்த்தால் சுரங்கள் கேட்கும், தோடி கேட்காது. ஏறத்தாழ அதே சுரங்களில் சிந்துபைரவியும் இயங்குகின்றது. இரண்டையும் செவி ஒருபோதும் மாறாடிக் கொள்வதில்லை. சுரம் ஒன்றேயாயினும் நடை வேறு.

மூன்றாவது, பிடில் என்று மக்கள் அழைத்த வயலின். இது ஐரோப்பியர் கொணர்ந்தது. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் இதனைக் கற்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு இதில் பெருந்திறன் பெற்றுத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையை அணிசெய்தார். வந்து நூறாண்டு நிரம்புமுன் வயலின் இல்லாத பாட்டுக் கச்சேரியே அரிது என்னும் நிலை ஏற்பட்டது. காரணம் வெளிப்படை. வயலினுக்கு மெட்டுகள் இல்லை. விரல் விரும்பிய இடமெல்லாம் வழுக்கிச் செல்லும். வில் இழுக்கும் வரையில் ஒலி அறாது. நம்மவர் அதனை மோவாய்க்கடியில் இடுக்காமல், தரையில் அமர்ந்து, மார்புக்கும் காலுக்கும் இடையே நிறுத்திக்கொண்டனர். கருவி அசையாது நின்றதால் இடக்கை தடையின்றி ஏறி இறங்க முடிந்தது. அயல்நாட்டுக் கருவியைக் குழைவுக்கு ஏற்பப் பிடித்த பிடியே மாறிவிட்டது.

பின்னர் வந்தவற்றுக்கும் இதுவே உரைகல்லாயிற்று. புல்லாங்குழலில் மாலி என்னும் டி. ஆர். மகாலிங்கம், கிளாரினெட்டில் ஏ. கே. சி. நடராசன், சாக்சபோனில் கத்ரி கோபால்நாத், மாண்டலினில் உ. சீனிவாசு என இருபதாம் நூற்றாண்டில் அவைகளை வென்றவர் அனைவரும், தத்தம் கருவியைக் குரல்போல் குழைய வைத்தே வென்றனர். மாறாக, ஐரோப்பியர் கொணர்ந்த பியானோ செல்வர் மாளிகைகளில் இடம்பெற்றது. கச்சேரி மேடையில் இடம்பெறவில்லை.

தாளில் அடங்காமை

குழைவைக் கருவியில் பிடிப்பது ஒரு சிக்கல் என்றால், அதனை எழுத்தில் பிடிப்பது மற்றொரு சிக்கல். 1890-களில் சென்னையில் வாழ்ந்த ஏ. எம். சின்னசாமி முதலியார், நம் இசைப்பாடல்கள் உலகெங்கும் பரவவேண்டும் என்னும் ஆர்வத்தால் அவற்றை மேனாட்டு ஐங்கோட்டுக் குறியீட்டில் எழுதி அச்சிடத் தொடங்கினார். உண்மையான பாடம் வேண்டி எட்டையபுரத்துச் சுப்பராம தீட்சிதரை நாடினார். மேனாட்டுக் குறியீடு சுரத்தின் உயரத்தையும் நீளத்தையும் செவ்வனே காட்டும். இரு சுரங்களுக்கு இடையே நிகழ்வதைக் காட்ட அதில் போதிய வழியில்லை. தீட்சிதர் 1904-இல் எட்டையபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில், ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறியீடு அமைத்துப் பாடல்களை எழுதினார். நொக்கு, ஒதுக்கல், ரவை, கண்டிப்பு, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்பன அவர் விளக்கிய கமகங்களுட் சில.

இத்துணை முயன்றும், அக்குறியீடுகளைப் பார்த்தமட்டில் ஒருவர் பாடிவிட இயலாது. ஏற்கெனவே கேட்டறிந்தவருக்கே அவை பயன்படும். ஆகவேதான் ஓதுவார் மரபும் குருகுல மரபும் நூல் அச்சான பின்னரும் தேவையாக நின்றன. சென்னைத் தமிழிசைச் சங்கம் 1949 முதல் நடத்திவரும் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களிலும், ஏட்டோடு ஓதுவாரின் குரலும் சான்றாக வைக்கப்பட்டது இதனாலேயாம்.

ஆர்மோனியத்தின் வழக்கு

இனி நம் வரலாற்றிலேயே பெரும்பூசல் விளைத்த கருவிக்கு வருவோம். பிரான்சு நாட்டில் 1842-இல் தெபேன் என்பார் உரிமம் பெற்றது ஆர்மோனியம். காற்று உலோக நாக்குகளை அதிர்விக்க ஒலி எழும். காலால் மிதித்த அக்கருவியைத் தரையில் அமர்ந்து ஒருகையால் துருத்தியை இயக்கி மறுகையால் வாசிக்கும் சிறு பெட்டியாக, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் மாற்றி அமைத்தனர். விலை மலிவு, எடுத்துச்செல்ல எளிது, மழையிலும் வெயிலிலும் சுருதி கலையாது, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைக்கோடி வரை கேட்கும். தமிழ் நாடகமேடை அதனை அணைத்துக்கொண்டது. அதன் வெண்கட்டைகளை எண்ணியே பாடகரின் சுருதியையும் அளந்தனர். ஒருவர் எத்தனைக் கட்டையில் பாடுவார் என்று இன்றும் நாம் கேட்பது ஆர்மோனியம் நம் மொழியில் விட்டுச்சென்ற தடம்.

ஆயின் யாழுக்கு ஒரு நரம்பு ஒரு சுரம் என்றால், ஆர்மோனியத்துக்கு ஒரு கட்டை ஒரு சுரம். கட்டையை இழுக்கவோ அசைக்கவோ இயலாது. அன்றியும், ஒரு நிலையைப் பன்னிரண்டு சமப்பங்காக வகுத்த மேனாட்டு முறையில் அச்சுரங்கள் அமைந்தமையால், நம் சுரங்களின் நுண்ணிய வேறுபாடுகள் அதில் மழுங்கின. தில்லி வானொலியில் மேனாட்டிசைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஆங்கில இசைப்புலவர் சான் பௌல்ட்சு 1938-இல் இக்கருவியை வன்மையாகக் கண்டித்து எழுதினார். கவிஞர் தாகூரும் 1940 சனவரியில், கல்கத்தா வானொலி நிலையத்திலிருந்து இதனை நீக்கவேண்டும் என்று மடல் எழுதினார். 1940 மார்ச்சு முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. அவ்விலக்கு 1971 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல், நீடித்தது.

இங்கே நாம் நடுநிலையோடு நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வயலினை ஏற்கும்படி எவரும் ஆணையிடவில்லை. செவி தானே ஏற்றது. ஆர்மோனியத்தை விலக்கும்படி ஆணை பிறந்தது. மக்கள் அதனைக் கைவிடவில்லை. குழைவே செவியைக் கட்டும் என்னும் நம் கூற்றுக்கு இது முரணன்றோ? அன்று. செங்கோட்டையில் பிறந்து, 27 வயதிலேயே 1933-இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவை எண்ணுங்கள். நாடகமேடையில் அவர் பாடும்போது பின்னே ஆர்மோனியம் ஒலித்தது. கேட்டோரைக் கட்டியது அவரது மின்னல்வேகக் குரல். பிருகாவும் குழைவும் அக்குரலில் நிரம்பியிருந்தன. ஆர்மோனியம் அதற்குத் தரையாக இருந்தது. குழைவு வேறிடத்திலிருந்து வரும்போது நிலையான கருவியைச் செவி மகிழ்ந்து ஏற்கின்றது. குழைவுக்கு மாற்றாக அது முன்வந்து நிற்கும்போதுதான் மறுக்கின்றது. ஆர்மோனியம் துணையாக எங்கும் பரவியதும், தனிக்கச்சேரிக் கருவியாகத் தென்னாட்டில் பெரிதும் ஓங்காததும் இதனாலேயே.

இதற்குச் சான்று நம் அண்டையிலும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்து ஆடின. அவற்றின் தாக்கத்தால் மலாய் மக்களிடையே பங்சாவான் நாடகம் எழுந்தது. இந்தியாவிலிருந்து இங்கு வந்த ஆர்மோனியமும் தபேலாவும் சொகூர் மாநிலத்தின் கசல் இசையில் நிலைபெற்றன. சொகூர்க் கசலில் ஆர்மோனியம் முன்நின்று நடத்த, வயலினும் கம்புசும் உடன் ஒலிக்கின்றன. அங்கும் உள்ளத்தை நெகிழ்விப்பது, அசைந்து இழையும் பாடகரின் மலாய்க் குரலே. தில்லியில் வாயில் மூடப்பட்ட கருவி சொகூரில் வீட்டுப்பிள்ளையாக வாழ்ந்தது.

அறிவியல் கூறுவது

குழைவு ஏன் உள்ளத்தைக் கட்டுகின்றது? மெய்ப்பாட்டியலின் உரையாசிரியர்கள் மயிர் சிலிர்த்தலையும் கண்ணீர் வார்தலையும் உள்ளத்துணர்வு உடலில் தோன்றும் அடையாளங்களாக எண்ணினர். அவ்விரண்டையும் இன்றைய உளவியலறிஞரும் இசையைக்கொண்டு ஆராய்ந்துள்ளனர். ஆங்கில அறிஞர் சான் சுலோபோடா 1991-இல் வெளியிட்ட ஆய்வில், 83 பேரிடம் எந்த இசையின் எந்த இடம் தம்மை நெகிழ்வித்தது என்று கேட்டு, அவ்விடங்களை ஆராய்ந்தார். கண்ணீர் வரவழைத்த இடங்களில் அவர் மிகுதியாகக் கண்டவற்றுள் ஒன்று, ஒரு சுரத்தில் அமருமுன் அதன் அயற்சுரத்தைச் சார்ந்து சற்றே தாமதித்து, பின்னர் இறங்கும் அமைப்பு. அவர் ஆராய்ந்தது மேனாட்டிசை. எனினும், சேரவேண்டிய சுரத்தைச் சுற்றித் தயங்கிச் சேரும் அவ்வமைப்பு நம் குழைவுக்கு உறவுடையதே.

கனடாவின் மாண்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இசை கேட்டுச் சிலிர்க்கும்போது மூளையில் டோபமின் என்னும் பொருள் சுரப்பதைக் காட்டியது. இன்பத்தின் உச்சியில் மட்டுமன்று, அதனை எதிர்நோக்கும் நொடிகளிலும் மூளையின் வேறொரு பகுதியில் அது சுரக்கின்றது. குழைவு செவியை எதிர்நோக்கிலேயே நிறுத்துகின்றது, சுரம் வருகின்றது, வந்துவிடவில்லை, தொடுகின்றது, அமரவில்லை. அதன் ஈர்ப்புக்கு இஃதொரு காரணமாகலாம் என்று கொள்ள இடமுண்டு.

நம் முன் உள்ள கடமை

இவ்வரலாறு பழம்பெருமை பேசுவதற்கு மட்டும் உரியதன்று. ஒரு நரம்பு ஒரு சுரம் என்னும் அமைப்பு இன்று புதிய உருவில் நம்மிடம் வந்துள்ளது. கட்டைகள் உடைய மின்னிசைப் பெட்டி இல்லாத பள்ளி விழாவோ திருமண மண்டபமோ அரிது. அதற்கும் மேலாக, 1997-இல் வெளிவந்த ஒரு கணினிச் செயலியும் அதன் வழிவந்தவையும், பாடகரின் குரலையே பிடித்து அருகிலுள்ள நிலையான சுரத்தில் நிறுத்தவல்லன. முன்பு கருவி குழையாவிடினும் குரல் குழைந்தது. கிட்டப்பாவின் குரல் ஆர்மோனியத்துக்குக் கட்டுப்படவில்லை. இன்று குரலையே கட்டையாக்கும் வழி பிறந்துள்ளது. சிறுவயது முதல் அவ்வொலியையே கேட்டு வளரும் பிள்ளைக்குக் குழைவு சுருதிப் பிழையாகத் தோன்றினும் வியப்பில்லை.

கருவிகளைத் தடை செய்வதால் பயன் விளையாது என்பதற்கு முப்பதாண்டு வானொலி விலக்கே சான்று. செய்யத்தக்கது செவியைப் பழக்குதல். தேவாரமோ நாட்டுப்புறப் பாட்டோ கற்பிக்கும் ஆசிரியர், முதலில் மின்னிசைப் பெட்டியை மூடிவைத்துத் தம் குரலால் பாடிக் காட்டலாம். பாட இயலாதவர் ஓதுவார் ஒருவரின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டலாம். பின்னர் அதே அடியைப் பெட்டியின் கட்டைகளில் அழுத்திக் காட்டி, இரண்டுக்கும் உள்ள வேற்றுமை யாது என்று மாணவரைக் கேட்கலாம். பெயர் தெரியாவிடினும் பிள்ளைகள் வேற்றுமையைக் கண்டுகொள்வர். கண்டுகொண்ட பிறகு, தருமபுரத்தில் ஒரு பாணர் ஏன் தம் யாழை உடைக்க ஓங்கினார் என்னும் கதையைக் கூறினால், அது அவர்களுக்கு எளிதில் விளங்கும்.